முதியோர் இல்லமா? நம் இல்லமா?

முதுமை அழையாமலே வரும் விருந்தாளி. அது வந்ததும் நம் வீடுகளில், "பாட்டியை வீட்டில் வைத்துப் பார்ப்பதா, முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா?" என்ற கேள்வி எழுகிறது. நாங்கள் கேட்டவரையில் இதற்கு முதலில் வரும் பதில், "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்பதே. அந்த நாலு பேரில் ஒருவரும் இரவில் எழுந்து வந்து பாட்டிக்குத் தண்ணீர் கொடுக்கப் போவதில்லை.

ஆகவே பாட்டியின் ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். தாமே எழுந்து நடப்பவரானால், வேளைக்கு உணவும் மாத்திரையும் பேச்சுத் துணையும் போதும். படுக்கையில் விழுந்துவிட்டாலோ நிலைமை வேறு. படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். மறதி நோய் உள்ளவர் நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடக்கூடும். "எங்கள் அம்மாவை வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறோம்" என்று அப்பாக்கள் பெருமையோடு சொல்வதுண்டு. ஆனால் வெந்நீர் வைப்பவரும் துணி அலசுபவரும் பெரும்பாலும் நம் அம்மாக்களே! அம்மாவும் வேலைக்குச் செல்லும் வீட்டில் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை பாட்டியுடன் இருப்பவர் யார்? பகலுக்கு ஓர் ஆளை அமர்த்தி, அச்செலவைப் பிள்ளைகள் அனைவரும் பகிர்ந்துகொள்வது ஒரு வழி.

முதியோர் இல்லம் என்றாலே கைவிடப்பட்டோரின் புகலிடம் என்று எண்ண வேண்டியதில்லை. 1839-ல் பிரான்சு நாட்டில் ழான் ஜுகான் என்னும் ஏழைப் பெண்மணி, பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் இருப்பிடத்திற்கு அழைத்து வந்து, தம் கட்டிலையே அவருக்குக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்தவையே 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபையின் இல்லங்கள். எனினும் எல்லா இல்லங்களும் ஒன்றல்ல. நடமாடக்கூடியவரை மட்டுமே ஏற்கும் இல்லங்கள் பல உண்டு. "படுத்துவிட்டால் வைத்துக்கொள்வீர்களா? இரவில் செவிலியர் இருப்பாரா? முன்பணம் திரும்பக் கிடைக்குமா? முன்கூட்டிச் சொல்லாமல் வந்து பார்க்கலாமா?" என்று கேட்ட பின்னரே சேர்க்க வேண்டும். கடைசிக் கேள்விக்குத் தயங்கும் இல்லம் வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பிள்ளைகள் கைவிட்டால் சட்டமும் துணை நிற்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தம்மைப் பேணிக்கொள்ள இயலாத பெற்றோர் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். தமிழ்நாட்டில் இதற்கான மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். பேணிக் காப்பதாக நிபந்தனையிட்டு எழுதி வாங்கிய சொத்தை, காக்கத் தவறினால் திரும்பப் பெறவும் இடமுண்டு.

இவற்றையெல்லாம் ஆலோசிக்கும்போது, பாட்டியை அடுத்த அறையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் கூடிப் பேசுவது என்ன நியாயம்? அவரையன்றோ முதலில் கேட்க வேண்டும்! சிலர் தம் வீட்டுத் திண்ணையை விட்டு நகரமாட்டார்கள். சிலர், பேசிச் சிரிக்கத் தம் வயதுக்காரர்கள் இருந்தால் போதும் என்பார்கள். அப்படி விரும்பிச் செல்பவரும் முதலில் ஒரு மாதம் தங்கிப் பார்க்கட்டும். அதுவரை வீட்டில் அவருடைய கட்டில் போட்ட இடத்திலேயே இருக்கட்டும்.