ஸ்டிரைக் முடிஞ்சது... பிரச்னை முடிஞ்சதா? டாக்டர்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஏன் மோதல்?

நத்தத்தில் இருந்தோ வேடசந்தூரில் இருந்தோ விடியற்காலையில் பஸ் ஏறி திண்டுக்கல் அரசு மருத்துவமனைக்கு வருபவருக்கு ஓபி சீட்டு, டாக்டர், மருந்து... இந்த மூன்றும்தான் முக்கியம். டீன் அறையில் என்ன பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அங்கே பேச்சு நின்றுபோனால் முதலில் அடிபடுவது அவர்தான்.

2019-ல் என்ன நடந்தது?

அக்டோபர் 25 அன்று தமிழகம் முழுக்க அரசு டாக்டர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கோரிக்கைகள் 4:

* காலமுறை ஊதியம், பதவி உயர்வு
* நோயாளிகள் எண்ணிக்கைக்கு ஏற்ப டாக்டர் பணியிடங்கள்
* முதுநிலைப் படிப்பில் அரசு டாக்டர்களுக்கு 50% இடம்
* கலந்தாய்வு மூலம் பணி நியமனம்

வேலைக்குத் திரும்பாவிட்டால் இடம் காலியானதாக அறிவிக்கப்படும் என அரசு எச்சரித்தது. முதல்வர் பழனிசாமி கேட்டுக்கொண்டதை அடுத்து, நவம்பர் 1-ல் ஸ்டிரைக் வாபஸ்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. போராடிய டாக்டர்கள் பலருக்கு இடமாறுதல், குற்றச்சாட்டு மெமோ. 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. முதுநிலை இடஒதுக்கீட்டை மாநிலங்கள் தரலாம் என்று 2020 ஆகஸ்ட் 31-ல் சொன்னது உச்ச நீதிமன்றம். ஊதியக் கோரிக்கையோ அதன் பிறகும் ஓயவில்லை. மேஜையில் முடிக்க வேண்டியது கோர்ட்டுக்குப் போனது.

மோதல் எங்கே தொடங்குது?

இரு தரப்பும் வேறு வேறு கணக்கைப் பார்ப்பதில்தான். ஒரு துறையில் 4 டாக்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். 4 நாளுக்கு ஒரு நைட் டியூட்டி. ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் 3 நாளுக்கு ஒன்று. நைட் முடித்தவர் காலை ஓபியில் இல்லாவிட்டால் பதிவேட்டில் 'ஆப்சென்ட்'. அவர் கணக்கிலோ, ராத்திரி முழுக்கத் தூங்காத வேலை. இரண்டுமே பொய் இல்லை!

திண்டுக்கல்லுக்கு இது ஏன் முக்கியம்?

2022 ஜனவரி 12-ல் தமிழகத்தில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்தது, டீன் தலைமையில் கல்லூரி மருத்துவமனை ஆனது. இங்கே டாக்டர்களுக்குச் சிகிச்சையோடு வகுப்பும் உண்டு, தேர்வும் உண்டு. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிப்படி ஆசிரியர்களுக்கு 75% வருகைப்பதிவு கட்டாயம்.

சரி, தீர்வு என்ன?

* டியூட்டி பட்டியலை அந்தத் துறை டாக்டர்களோடு உட்கார்ந்து போடுவது.
* காலியிடம், நோயாளி எண்ணிக்கை, விடுப்பு... எல்லாவற்றையும் இரு தரப்பும் ஒரே தாளில் பார்ப்பது.
* ஒப்புக்கொண்டதைத் தேதி போட்டு எழுதி, அடுத்த மாதம் அதே மேஜையில் சரிபார்ப்பது.
* டீன் கையில் இல்லாத ஊதியம், பணியிடம் போன்றவற்றை இருவரும் சேர்ந்தே அரசுக்கு எழுதுவது.

ஒருமுறை கையெழுத்துப் போட்டால் போதுமா? போதாது. இங்கிலாந்தில் 2024 செப்டம்பரில், 2 ஆண்டுகளுக்குச் சேர்த்து சராசரியாக 22.3% ஊதிய உயர்வை இளநிலை டாக்டர்கள் ஏற்றார்கள். 2025 ஜூலையில் ஊதியத்துக்காக மறுபடியும் ஸ்டிரைக்!

பேச்சுவார்த்தை என்பது ஸ்டிரைக்கை முடிக்க மட்டும் நடப்பதல்ல. ஸ்டிரைக்கே வராமல் இருக்க மாதாமாதம் நடக்க வேண்டியது. அது நடந்தால்தான் நத்தத்தில் இருந்து முதல் பஸ்ஸில் வருபவருக்கு டாக்டர் கிடைப்பார்.