புளிக்கு இரையாகும் காசுகள்

திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையின் பெயரில் எந்தத் தெய்வத்தின் காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோஸப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர் அது. காலெட்பேட்டை நாளடைவில் ஜனங்களின் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. ஊர்ப்பெயர் தேய்ந்தால் சரித்திரக்காரர்களுக்குச் சந்தோஷமே. காசு தேய்ந்தால் மட்டும் உடையவருக்கு நஷ்டம்.

இத்தகைய பழைய பேட்டைகளில் பரம்பரையாக வாழும் குடும்பங்களில், பாட்டியின் மரப்பெட்டியிலோ பூஜை அறைச் செம்பிலோ நாலைந்து பழங்காசுகள் கிடப்பது சகஜம். பண்டிகை வந்தால் குத்துவிளக்கோடு அவற்றையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுகிறார்கள். பார்வைக்கு லக்ஷணமாய்த்தான் இருக்கும். ஆனால் காசின் விலையில் பெரும்பகுதி அந்தப் புளித்தண்ணீரோடு போய்விடுகிறது. செம்பின்மேல் பல்லாண்டுகளாகப் படியும் காபிப்பொடி நிறப் படலம் அழுக்கன்று. அதுவே காசின் தோல். புளிப்பு அதை அரித்து, எழுத்துக்களின் விளிம்பையும் மழுக்கிவிடும். பிறகு தோன்றும் இளஞ்சிவப்பு நிறத்தைக் கண்டதுமே அநுபவமுள்ள வியாபாரி காசைத் திருப்பி வைத்துவிடுவார்.

நாணயம் சேகரிப்போர் தரம் பிரிப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. வியாபாரி 'குட்' என்று சொன்னால் மகிழ்ந்துவிட வேண்டாம். உருவம் நிழலாகத் தெரியுமளவுக்குத் தேய்ந்த காசுக்குத்தான் அந்தப் பெயர்! 'பைன்', 'வெரி பைன்' என்று ஏறிப்போய், புழக்கத்துக்கே வராத காசில் முடிகிறது வரிசை. 1949-இல் அமெரிக்கரான ஷெல்டன் என்பவர் இதற்கு 1 முதல் 70 வரை மார்க்குப் போடும் முறையை வகுத்தார். 60-க்கு மேற்பட்டவை கைபடாத காசுகள். தேய்வைக் கண்டுபிடிக்க மேடான இடத்தைப் பார்க்கவேண்டும்: விக்டோரியா ராணி ரூபாயில் கூந்தல், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அங்கியின்மேல் உள்ள சிறிய யானை. 1911-ஆம் வருஷத்து ரூபாயில் அந்த யானை பன்றிபோலத் தோன்றவே, ஜனங்கள் முகம் சுளித்தார்கள். சர்க்கார் அதை நிறுத்தி, அடுத்த வருஷமே துதிக்கையைத் திருத்திவிட்டது. ஆகவே 1911-க்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனால் தரம் உயர்ந்தால் மட்டும் விலை உயர்ந்துவிடுமா? நமது ராஜதானிக்காகவே செய்யப்பட்ட ஒரு காசு இதற்கு விடை சொல்கிறது. சென்னையில் கம்பெனிக்கு நாணயச்சாலை இருக்கும்போதே, பத்துக்காசு, இருபதுக்காசுச் செப்பு நாணயங்களை இங்கிலாந்திலே பர்மிங்காம் நகரில் அடித்துக் கப்பலேற்றினார்கள். அவ்விதம் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் கெண்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கிற்று. 1980-களில் முக்குளிப்போர் லட்சக்கணக்கில் காசுகளை வெளியே எடுத்தார்கள். பீப்பாய்களுக்குள் நெருங்கிக் கிடந்தவற்றில் பல நேற்று அடித்தவைபோல் இருந்தன. சென்னைக் கடைவீதியைக் காணாத அந்த 1808-ஆம் வருஷத்துக் காசுகள் இன்று உலகமெங்கும் மலிவாகவே கிடைக்கின்றன. அழகு இருந்தும் அருமை இல்லை!

இனி, சாலை முத்திரை. ஆர்க்காட்டு ரூபாயைச் சென்னையில் ஆங்கிலேயரும் அடித்தனர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் அடித்தனர். இரண்டிலும் பாரசீக எழுத்தில் 'ஆர்க்காடு' என்றே இருக்கும். பிறை இருந்தால் புதுச்சேரி. தாமரை இருந்தால் சென்னை. கடுகளவு குறி காசின் ஊரையே மாற்றிவிடுகிறது. தேய்வும் புளியும் முதலில் விழுங்குவது இத்தகைய குறிகளைத்தான். சென்னை நாணயச்சாலை 1869-இல் மூடப்பட்டது. தங்கசாலைத் தெருவின் பெயர் மட்டும் மிஞ்சியது. இன்றைய காசுகளில் வருஷத்துக்கு அடியில் பார்க்கவேண்டும்: வைரவடிவம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, குறியே இல்லாவிடில் கொல்கத்தா. ஒரே வருஷத்துக் காசை ஒரு சாலை கோடிக்கணக்கிலும் மற்றொன்று குறைவாகவும் அடித்திருக்கக்கூடும். குறியின் மதிப்பு அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, நட்சத்திரக் குறிக்கு லட்ச ரூபாய் என்று ஆசை காட்டி, முதலில் கமிஷனும் வரியும் கட்டச் சொல்லும் கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. ரிசர்வ் பாங்கின் பெயரையும் உபயோகித்தார்கள். அந்தப் பாங்கியே 2021 ஆகஸ்டில், தான் இத்தகைய வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை, எவரிடமும் கமிஷன் கேட்பதில்லை என்று அறிக்கை விட்டது. காசை வாங்குகிறவன்தான் பணம் கொடுக்கவேண்டும். விற்கிறவரிடம் அவன் முன்பணம் கேட்பானேன்?

வீட்டில் காசு இருந்தால், மேல்பரப்பைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து எடுத்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். பார்த்தபின் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். புளி சமையலறையிலேயே இருக்கட்டும்.