எட்டாவது வட்டு

1 கோடி பைட்டுகள் கொண்ட ஒரு கோப்பை வேறொரு கணிப்பொறிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கையில் இருப்பவையோ மூன்றரை அங்குல ஃபிளாப்பி வட்டுகள். 1990களில் இது அன்றாடச் சிக்கல்.

வட்டுக்கு இரு பக்கங்கள். பக்கத்துக்கு 80 தடங்கள். தடத்துக்கு 18 பிரிவுகள். பிரிவுக்கு 512 பைட்டுகள். பெருக்கிப் பாருங்கள்: 14,74,560 பைட்டுகள். அட்டவணைக்கு ஒதுக்கியது போக, கோப்புக்குக் கிடைப்பது 14,57,664. ஆகவே 7 வட்டுகள் தேவை. கோப்பைத் துண்டாக்கி, எண்ணிட்டு, மறுமுனையில் அதே வரிசையில் சேர்த்தால் போதும்.

ஆனால் ஒரு வட்டு கெட்டுவிட்டால்? நூற்றுக்கு ஒரு வட்டு பழுதாகும் எனக் கொண்டால், ஏழில் ஒன்றேனும் கெடும் வாய்ப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு!

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. எல்லாத் துண்டுகளையும் சம நீளமாக்குங்கள். அவற்றின் முதல் பிட்டுகள் 1, 0, 1, 1, 0, 0, 0 என்க. இதில் 1 மூன்று முறை வருகிறது. மொத்தம் இரட்டைப்படை ஆவதற்காக, எட்டாவது வட்டில் 1 என எழுதுங்கள். ஏற்கெனவே இரட்டைப்படையானால் 0 எழுதுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் இப்படியே செய்யுங்கள்.

இப்போது மூன்றாம் வட்டு கெட்டது என்போம். எஞ்சிய பிட்டுகள் 1, 0, 1, 0, 0, 0, 1. இங்கே 1 மூன்று முறை, அதாவது ஒற்றைப்படை. எனவே தொலைந்த பிட் 1தான்! எந்த ஒரு வட்டு கெட்டாலும் இவ்வாறு மீட்கலாம். இரண்டு கெட்டால் முடியாது.

சோனி நிறுவனம் 2011இல் ஜப்பானில் ஃபிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. இம்முறையோ பெரிய கணிப்பொறிகளின் வட்டுத் தொகுதிகளில் இன்றும் பயன்படுகிறது.

எட்டு நாணயங்களைத் தலை, பூ என வரிசையாக வையுங்கள். தலைகள் இரட்டைப்படையாக இருக்கட்டும். நண்பர் ஒன்றை மூடட்டும். அது தலையா, பூவா எனச் சொல்லிவிடுங்கள், பார்ப்போம்!