துரைமார் வாயில் நம் ஊர்ப் பெயர்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கியது 1899-இல். அதற்கு முன்பிருந்தே, கடல் கடந்து வந்த வெள்ளைக்காரத் துரைமார் பலரும் துப்பாக்கியுடன் இவ்வழியாகவே நீலகிரிக்கு வேட்டைக்குச் சென்றனர். உள்ளூர்ப் பெயர்களை அவர்கள் ரசித்தார்கள். கூடவே குழப்பியும் விட்டார்கள்.

கேளையாட்டை "ஜங்கிள் ஷீப்", அதாவது காட்டுச் செம்மறி என்றனர். பெயரில் ஆடு இருந்தாலும் அது நாய் போலக் குரைக்கும் மான் இனம். வரையாட்டை "ஐபெக்ஸ்" என்றனர்; அதுவோ வடக்கே குளிர்மலைகளில் வாழும் வேறொரு ஆடு. மரத்தில் கட்டும் பரணுக்கு அவர்கள் வட இந்தியாவில் கற்ற சொல் "மச்சான்". 'மச்சான் மேல் ஏறி உட்கார்ந்தேன்' என்று துரை சொன்னால் கொங்கு நாட்டார் சிரிக்காமல் இருக்க முடியுமா?

காட்டு மாட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் "பைசன்". அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள மிருகம். நாம் எழுத்தில் "காட்டெருமை" என்கிறோம், அதுவும் பிழையே. இது எருமை இனமல்ல, தொழுவத்து மாட்டின் இனம். தோட்டத்துப் பேச்சில் வரும் "காட்டு மாடு" என்பதே விஞ்ஞானத்துக்கும் சரி.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்தது. பெயரின் தேவை மட்டும் போகவில்லை. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் மனுக் கொடுக்கும் விவசாயி "ஆடு மேய்ந்துவிட்டது" என்று எழுதினால், பக்கத்துத் தோட்டத்து வெள்ளாடு என்றே எண்ணத் தோன்றும். கேளை, கடமான், காட்டு மாடு, காட்டுப்பன்றி என்று இன்னதெனத் தெளிவாக எழுதிக் குளம்புத் தடத்தையும் காட்ட வேண்டும். தடத்தின் மேல் ஒரு பழைய சட்டியைக் கவிழ்த்து வைத்தால், வனக்காவலர் வரும்வரை தூறலில் கலையாது.