பதினெட்டுக்குள் முடிக்க வேண்டிய வேலை

வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளையை ஏற்ற குடும்பங்கள் சில, "எங்க பிள்ளைதானே, இனி எதுக்குப் பேப்பர்?" என்று இருந்துவிடுகின்றன. பாசத்தில் குறையில்லை. ஆனால் பிள்ளைக்கு 18 வயது முடியும்போது சட்டம் அந்தப் பேப்பரைத்தான் கேட்கும்.

வளர்ப்புப் பராமரிப்பு என்பது குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவுப்படி நடக்கும் தற்காலிக ஏற்பாடு. வளர்த்தவர் உயில் எழுதாமல் இறந்தால், பிள்ளைக்கு அவர் சொத்தில் வாரிசுரிமை இல்லை. எத்தனை ஆண்டு சோறூட்டி வளர்த்திருந்தாலும் இதுதான் நிலை. தத்து ஆணை இருந்தால் கதையே வேறு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, ஆணை நடைமுறைக்கு வந்த நாள்முதல் அந்தப் பிள்ளை, தத்தெடுத்தவருக்குப் பிறந்த பிள்ளைக்குச் சமம், வாரிசுரிமையும் உண்டு. குடும்பம் எந்த மதமானாலும் சரி.

2022-ஆம் ஆண்டு தத்தெடுப்பு விதிமுறைகள், குறைந்தது 2 ஆண்டு வளர்த்த குடும்பமே அந்தப் பிள்ளையைத் தத்தெடுக்க வழிசெய்துள்ளன. அதற்கு, பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாம் என்று குழந்தைகள் நலக் குழு முதலில் அறிவிக்க வேண்டும். ஆணையை இப்போது வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். பிள்ளையின் விருப்பத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். விவரம் தெரிந்த பிள்ளை, பெற்ற தாயை மறந்துவிடச் சொல்கிறார்களோ என்று தயங்கலாம். 18 வயதுக்குப் பின் தன் பூர்வீகத்தைத் தேடித் தானே விண்ணப்பிக்கலாம் என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். ஆனால், பெற்றவர்களின் அந்தரங்கமும் அந்தத் தேடலில் காக்கப்படும்.

முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதால் தத்து ஆகிவிடாது. முறைப்படி இல்லாமல் ஆதரவற்ற குழந்தையைத் தத்து கொடுத்தாலும் பெற்றாலும் 3 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

பெற்றவர்கள் பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்ள விரும்பினால், தத்துக்கான அறிவிப்பு எளிதில் வராது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் தத்தும் இல்லை, திரும்பிப் போக வீடும் இல்லை என்று நிற்கும் இளைஞர் என்ன செய்வார்? 21 வயது வரையிலான பிற்காப்பு உதவியைப் பற்றிப் பேசும் சட்டம், இல்லங்களிலிருந்து வெளியேறுவோரைத்தான் குறிப்பிடுகிறது. குழந்தைகள் நலனுக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் பிற்காப்பு உதவி உண்டு. குடும்பத்தில் வளர்ந்தவருக்கும் அது தடையின்றிக் கிடைக்க அரசு வழிசெய்தே ஆகவேண்டும். அதுவரை, வளர்த்தவர்கள் தங்கள் விருப்பத்தை உயிலாக எழுதிவைக்கலாம். அதற்குப் பொதுவாக யாருடைய அனுமதியும் வேண்டாம்.

விசாரிக்க வேண்டிய இடம் உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்தாலும் வழிகாட்டுவார்கள். பிள்ளைக்கு 16 வயது தாண்டியிருந்தால் இந்த வாரமே போங்கள். 18 முடிந்துவிட்டால் இந்தச் சட்டத்தில் தத்தெடுக்க வழியில்லை.