உளநல வினாக்கொத்தும் அதனை வாசிப்போரும்

உடற்சூட்டை அளக்க வெப்பமானி உண்டு. உள்ளத்தின் சோர்வை அளக்கச் சொற்களன்றி வேறு கருவி இல்லை. மகப்பேற்றுக்குப் பின் தாய்மாருக்கு நேரும் மனச்சோர்வைக் கண்டறிவதற்கென 1987ஆம் ஆண்டில் ஜோன் கொக்ஸ் முதலியோர் ஸ்கொத்லாந்தில் ஆக்கிய எடின்பரோ அளவுகோல் அத்தகையது. அதில் வினாக்கள் பத்து. கடந்த ஏழு நாட்களை நினைந்து, நான்கு விடைகளுள் ஒன்றைத் தாய் குறித்தல் வேண்டும். இலங்கையிலும் அது வழக்கில் உள்ளது.

ஆங்கிலத்தில் எளிதாயிருக்கும் வினா தமிழிலும் எளிதாக அமையும் என்பதற்கு உறுதியில்லை. காரியங்கள் தம்மேல் ஏறி அமுக்குவதாக ஆங்கிலேயர் கூறும் மரபொன்று இவ்வளவுகோலில் வருகின்றது. சமாளிக்க இயலாத நிலையே அதன் கருத்து. இதனைத் 'தலைக்கு மேல் வேலை' என்று பெயர்த்துவிட்டால், கைக்குழந்தையுள்ள எந்தத் தாய்தான் இல்லையென்பாள்? நலமுடையவளும் நோயாளியாகக் கணக்கிடப்படுவாள். 2001இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒன்பது வினாப் படிவத்திலோ இடர் வேறு வகையினது. உறக்கம் வராமையும் மிகையாக உறங்குதலும் அங்கே ஒரே வினாவுள் அடங்கியுள்ளன. வாசிப்புப் பழக்கம் குறைந்தவர் முதற்பாதிக்கு மட்டும் விடையளித்து அப்பாற் செல்வது இயல்பே.

மொழிபெயர்ப்பைத் திரும்பவும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுதல் நெடுநாளைய வழக்கம். சொல் பொருந்தினாலும் கருத்துப் பொருந்தாதிருக்கலாம். ஆதலின் அதுல சுமதிபாலவும் ஜோவானா மரேயும் 2000ஆம் ஆண்டில் வேறொரு முறையை எடுத்துரைத்தனர். பலர் தனித்தனியே சிங்களத்திற் பெயர்த்து, பின்பு கூடி ஆராய்ந்து ஒருமுடிவு காண்பதே அம்முறை. தமிழுக்கும் அது தகும்.

இனி, கல்கிசையில் வாழும் ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். வீட்டிலே பேசுவது தமிழ். பள்ளியிற் கற்றதோ சிங்களம் அல்லது ஆங்கிலம். தமிழ்ப் படிவத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். கொழும்பின் தமிழ், முஸ்லிம் குடும்பங்களில் இது புதுமையன்று. படிவம் கடினமாயின் பக்கத்திலிருக்கும் மாமியாரோ கணவரோ உரக்க வாசிக்க நேரும். பத்தாவது வினா, தனக்குத் தானே தீங்கிழைக்கும் எண்ணம் எழுந்ததா என்பது. மாமியார் முன்னிலையில் 'ஆம்' என்று எவள் சொல்வாள்? தாய் தன் விடைகளைப் பிறரோடு கலந்து பேசாதவாறு காத்தல் வேண்டுமென்று அளவுகோலை ஆக்கியோரே அறிவுறுத்தியுள்ளனர்.

படிவத்தைத் திருத்தும் வரையில், வாசிக்க இடர்ப்படும் தாயிடம் குடும்பநல உத்தியோகத்தரே தனியிடத்தில் வாசித்துக் காட்டலாம். வினா விளங்கியதா என்று கேட்டால் எவரும் நாணி 'ஓம்' என்றே சொல்லிவிடுவர். விளங்கியதைச் சொந்தச் சொல்லிற் கூறும்படி கேட்பதே நன்று.