கோட்டைக்குள் ஒரு குழந்தை!

வீட்டையே பள்ளிக்கூடம் ஆக்கிய ஒரு தாயின் கதை

தரையில் ஒரு சிறு இடம். அதைச் சுற்றிச் சுற்றி வருகிறாள் ஒரு சிறுமி. பொன்னிறத் தலைமுடி. முகம் நிறையச் சிரிப்பு. பார்க்கிறவர்கள், "எவ்வளவு அழகான குழந்தை!" என்பார்கள்.

ஆனால், கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். கை நீட்டி எதையும் கேட்கமாட்டாள். யார் வந்தாலும், யார் போனாலும் அவளுக்குக் கவலை இல்லை. சுற்றுவதும் சிரிப்பதும்தான் அவள் உலகம்.

அப்போது அவளுக்கு வயது இரண்டுகூட நிரம்பவில்லை.

அவள் பெயர் ஜெசி. 1958-ம் ஆண்டு பிறந்தவள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள வில்லியம்ஸ்டவுன் என்ற சிறிய ஊரில் அந்தக் குடும்பம் வசித்தது. தகப்பனார் டேவிட் பார்க், கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர். தாயார் பெயர் கிளாரா. அவர்களுக்கு ஏற்கனவே மூன்று குழந்தைகள். ஜெசி கடைக்குட்டி.

மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் கிளாரா. நாலாவது குழந்தை மற்றவர்களைப்போல் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. அவளுக்கு இருந்தது ஆட்டிசம்.

பழி தாயின் மீது!

ஆட்டிசம் என்பது தொற்று நோய் அல்ல, பைத்தியமும் அல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே ஏற்படும் வேறுபாடு. இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பிறருடன் பழகுவதும் பேசுவதும் கடினமாக இருக்கும். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். பழகிய ஒழுங்கு சிறிது மாறினாலும் கலங்கிப்போவார்கள்.

1943-ம் ஆண்டு, பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற டாக்டர் இத்தகைய 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் பற்றி உலகம் பேசத் தொடங்கியது அதன் பிறகுதான்.

ஆனால், காரணம் என்ன என்று கேட்டபோது ஒரு கொடுமை நடந்தது. "தாய் அன்பு காட்டவில்லை. அதனால்தான் குழந்தை ஒதுங்கிவிட்டது" என்று நிபுணர்கள் பலர் சொன்னார்கள். சிகாகோவைச் சேர்ந்த புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-ல் ஒரு புத்தகமே எழுதிப் பெற்றோரைக் குற்றம் சாட்டினார்.

குழந்தை பேசவில்லையே என்று ஒரு பக்கம் துயரம். "உன்னால்தான்" என்ற பழி மறு பக்கம். எத்தனை தாய்மார்கள் இதைக் கேட்டுக் குமுறியிருப்பார்கள்!

அந்தப் பழி பொய். 1964-லேயே பெர்னார்டு ரிம்லாண்ட் என்ற உளவியல் அறிஞர் அதை மறுத்து எழுதினார். அவரும் ஓர் ஆட்டிசக் குழந்தையின் தகப்பனார். 1969-ல் பெற்றோர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், "குற்றம் உங்களுடையது அல்ல" என்ற கருத்தை டாக்டர் கானரே ஒப்புக்கொண்டார். பரம்பரைக் கூறுகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று பின்னால் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின.

குழாயில் தொடங்கிய பாடம்

இந்தப் பழிச்சொல் ஓய்வதற்கு முன்பே கிளாரா வேலையைத் தொடங்கிவிட்டார். மகளுக்கு அவரே ஆசிரியை ஆனார். கரும்பலகை இல்லை, மணி இல்லை. வீடுதான் பள்ளிக்கூடம்.

ஜெசிக்கு ஏதாவது வேண்டுமானால், தன் கையால் எடுக்கமாட்டாள். தாயின் கையைப் பிடித்து அதன்மேல் தள்ளுவாள். தன் கைக்கு வலிமை இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாததுபோல் இருக்கும்.

தண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும். கிளாரா மகளின் கையைக் குழாயில் வைத்தார். அதன்மேல் தன் கையை வைத்துத் திருகினார். தண்ணீர் வந்தது. மறுபடியும் அப்படியே. நாளுக்கு நாள் தன் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். கடைசியில் தாயின் கை தேவைப்படவில்லை. ஜெசியே திறந்தாள்!

இதுதான் அவருடைய முறை. ஒரு காரியத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிப்பது. ஒவ்வொரு படியிலும் தாங்கிப் பிடிப்பது. குழந்தைக்குப் பழகியதும் மெல்ல விலகிக்கொள்வது.

பேச்சு அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஒரு சொல் வரும். பிறகு வெகு நாள் காணாமல் போய்விடும். கிளாரா சலிக்கவில்லை. வந்த சொற்களைக் குறித்து வைத்தார். படம் வரைந்து காட்டினார்.

அவர் தனியாகவே எல்லாவற்றையும் சுமக்கவும் இல்லை. அண்ணனும் அக்காள்மாரும் விளையாட்டுத் தோழர்கள் ஆனார்கள். கல்லூரி மாணவிகள் வீட்டுக்கு வந்து உதவினார்கள். பின்பு ஜெசி பள்ளிக்கூடத்துக்கும் போனாள். ஆனாலும், வீட்டுப் பாடம் நிற்கவே இல்லை.

எண்ணும் கருவி!

ஜெசிக்கு எண்கள் என்றால் உயிர். அதையே ஒரு வழியாகப் பிடித்துக்கொண்டார் தாய். கோல்ப் ஆட்டக்காரர்கள் அடிகளை எண்ணுவதற்கு ஒரு சிறு கருவி வைத்திருப்பார்கள். அதை மகளிடம் கொடுத்தார். நல்ல காரியம் செய்தால் புள்ளி கூடும். கூச்சல் போட்டால் குறையும். புள்ளி குறைவதை ஜெசி பொறுப்பாளா? பழக்கங்கள் மாறத் தொடங்கின.

குழந்தை எதை விரும்புகிறதோ, அதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

1967-ல் கிளாரா ஒரு புத்தகம் வெளியிட்டார். ஜெசியின் முதல் எட்டு ஆண்டுகளின் கதை அது. பெயர் "முற்றுகை". மகள் தனக்குள்ளே ஒரு கோட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறாள். அதை அன்பால் முற்றுகையிட வேண்டும் என்பது பொருள். பழி சுமந்து நின்ற பெற்றோர் பலருக்கு அந்தப் புத்தகம் ஆறுதல் தந்தது.

கோட்டை திறந்ததா?

முழுவதும் திறக்கவில்லை. கிளாரா அதை மறைக்கவும் இல்லை. ஜெசிக்கு ஆட்டிசம் போய்விடவில்லை. வளர்ந்த பிறகும் பேச்சு திக்கித் திணறியே வந்தது. பெற்றோரின் துணை தேவைப்பட்டது.

ஆனால், கை நீட்டி ஒரு பொருளை எடுக்காத அந்தக் குழந்தை, பெரியவளானதும் வில்லியம்ஸ் கல்லூரியின் தபால் அறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தாள். சம்பளம் வாங்கினாள். சமைத்தாள், வீட்டைச் சுத்தம் செய்தாள். ஓவியமும் தீட்டினாள். வீடுகள், பாலங்கள், அவற்றின்மேல் நட்சத்திரங்கள் மின்னும் வானம். கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள்! அவை கண்காட்சிகளில் வைக்கப்பட்டன, விலைக்கும் போயின.

2001-ல் தாயார் மகளைப் பற்றி இரண்டாவது புத்தகம் வெளியிட்டார். மகளுக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்த வயதிலும் அவள் புதிது புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தாள் என்பதை அதில் பார்க்கலாம்.

2010-ல் கிளாரா காலமானார். பெற்ற மகளை அவர் குணப்படுத்தவில்லை. குணப்படுத்தியதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அவள் கையின் மேல் தன் கையை வைத்தார். பிறகு மெதுவாக எடுத்தார். அந்தக் கைதான் ஓவியம் தீட்டியது.